உங்கள் கம்ப்யூட்டரே ஸ்பெக்ட்ரம் அனலைசர்: சத்தத்தை எண்ணுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். அதற்குப் பிறகு "இதை வைத்து வேறு என்னதான் செய்யலாம்?" என்ற கேள்வி வரும். பல லட்ச ரூபாய் விலையுள்ள ஒரு கருவியின் வேலையில் ஒரு பகுதியை, வீட்டுக் கம்ப்யூட்டரில் பைசா செலவில்லாத இரண்டு மென்பொருள்களைக் கொண்டு செய்வது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரம் அனலைசர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், எண்ணுதல் தெரிந்தால் போதும்.

எனக்கு ஊர் ராஜபாளையம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். என் பெரியப்பா இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், செண்பகத்தோப்பு போகும் பக்கம், ஊர் ஓரத்தில். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாந்தோப்பு. அவருக்குக் கண்பார்வை மிகவும் குறைந்துவிட்டது. டி.வி. பிரயோஜனமில்லை. ரேடியோதான் துணை, அதிலும் மீடியம் வேவ்தான் பிடிக்கும். போன முறை நான் போனபோது சொன்னார்:

"தம்பி, ஒரு மாசமா சாயங்காலம் ஆனா ரேடியோவுக்குள்ள எவனோ உக்காந்து சொடக்குப் போட்டுக்கிட்டே இருக்கான்டா."

ரேடியோவை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. கண்டென்சர் மாற்றினார், சொடக்கு மாறவில்லை. விஷயம் இதோடு நின்றிருந்தால் வேறு ரேடியோ வாங்கிக் கொடுத்திருப்பேன். பக்கத்துத் தோப்புக்காரர் காட்டுப்பன்றிக்காகப் புதிதாகக் கம்பி இழுத்திருந்தார். அவர் கம்பத்திலிருந்து நேராக அதில் கரண்ட் கொடுத்திருக்கிறார், அதுதான் ரேடியோவில் கேட்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ராத்திரி மோட்டார் போட வரப்பில் நடந்து போகும் வேலையாட்கள் அந்தப் பக்கம் போக மறுத்தார்கள். பெரியப்பாவும் பக்கத்துத் தோப்புக்காரரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். முப்பது வருடப் பழக்கம்.

வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது சட்டப்படி குற்றம். மனிதர்களும் யானைகளும் இதனால் செத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில், புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர் என்பதால் இது சாதாரணப் பேச்சில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே அது சாம்பல் நிற அணில் சரணாலயம். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது.

அந்தச் சொடக்கு எங்கிருந்து வருகிறது? கேட்டதும் எனக்கு ஆபீஸில் செய்த ஒரு வேலை நினைவுக்கு வந்தது.

ஸ்பெக்ட்ரம் என்றால் என்ன?

ஒரு சத்தமோ ரேடியோ சிக்னலோ பல அதிர்வெண்களின் கலவை. உண்டியலைத் திறந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று நாணயங்களைத் தனித்தனியாகக் குவிப்பதைப் போல, சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று படமாகக் காட்டுவது ஸ்பெக்ட்ரம் அனலைசர். படுக்கை அச்சில் அதிர்வெண், நிமிர் அச்சில் வலிமை. இந்த வலிமையைத்தான் ஆம்ப்ளிட்யூட் என்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் படம் பெரும்பாலும் சராசரியைக் காட்டுகிறது. சராசரி பொய் சொல்லாது. ஆனால் பாதியை மறைத்துவிடும். ஒரு மாதத்தில் 150 மில்லிமீட்டர் மழை என்று பேப்பரில் போடுகிறார்கள். அது முப்பது நாளும் தூறிய மழையா, ஒரே ராத்திரியில் கொட்டிக் கண்மாயை உடைத்த மழையா? மொத்தம் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் வேறு கேள்வி கேட்க வேண்டும்: 10 மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாட்கள் எத்தனை, 50-க்கு மேல் எத்தனை, 100-க்கு மேல் எத்தனை? இப்படி அளவு வாரியாக எண்ணிப் பட்டியல் போடுவதற்குப் பெயர் டிஸ்ட்ரிபியூஷன், தமிழில் பரவல். சிக்னலின் வலிமையை இப்படி எண்ணினால் அது ஆம்ப்ளிட்யூட் டிஸ்ட்ரிபியூஷன்.

இது விளையாட்டுக் கணக்கில்லை. ரேடியோ இடைஞ்சலை அளக்கும் விதிகளை உலகம் முழுமைக்கும் வகுக்கும் சிஸ்பர் என்ற குழு 1934-ல் தொடங்கியது. அதன் அளவீட்டுத் தரங்களில் ஆம்ப்ளிட்யூட் பரவலை எண்ணும் முறைக்கும் இடமுண்டு. மைக்ரோவேவ் அடுப்புகள் கிளப்பும் இடைஞ்சலை அளக்க அது பயன்படுகிறது. மொபைல் கோபுரங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பவர்களும் இதையே செய்கிறார்கள். 4ஜி சிக்னல் சராசரியாகச் சாதுவாக இருக்கும், எப்போதாவது ஒரு கணம் சராசரியைப் போலப் பல மடங்கு துள்ளும். அந்தத் துள்ளல் எத்தனை முறை வரும் என்று தெரியாமல் ஆம்ப்ளிஃபயர் செய்ய முடியாது.

மூன்று உருவங்கள்

பரவலைப் படமாகப் போட்டால் அடிக்கடி மூன்று உருவங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, சுத்தமான ஒற்றைச் சுருதி. வீட்டு ஊஞ்சலை நினைத்துக் கொள்ளுங்கள். நடுவில் வேகமாகக் கடக்கும், இரண்டு ஓரங்களிலும் நின்று திரும்பும். கண்ணை மூடிக்கொண்டு நூறு போட்டோ எடுத்தால் பெரும்பாலான படங்களில் ஊஞ்சல் ஓரத்துப் பக்கம்தான் இருக்கும். சுருதியின் பரவலும் அப்படித்தான்: நடுவில் பள்ளம், இரண்டு ஓரங்களிலும் மேடு. உச்ச அளவு, ஆர்.எம்.எஸ். என்ற பயனுறு அளவைப்போல 1.414 மடங்கு. அதற்கு மேல் ஒரு சாம்பிள்கூட இருக்காது.

இரண்டாவது, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ரேடியோ போடும் "உஸ்ஸ்" சத்தம். இதன் பரவல் மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். நடுவில் கூட்டம், ஓரம் போகப் போகக் குறையும். ஸ்டேண்டர்டு டீவியேஷன் என்ற அளவை ஒரு முழம் என்று வைத்துக் கொண்டால், 100-க்கு 68 சாம்பிள்கள் ஒரு முழத்துக்குள் அடங்கும். மூன்று முழத்துக்குள் 99.7. நான்கு முழத்துக்கு வெளியே போவது ஒரு லட்சத்தில் ஆறே ஆறு.

மூன்றாவது, எப்போதாவது வரும் சொடக்கு. நடுப்பகுதி இரண்டாவது உருவத்தைப் போலவே இருக்கும். ஆனால் தூரத்தில் ஒரு நீண்ட வால் தெரியும். நமக்கு வேண்டியது இந்த வால்தான்.

பெரிய கருவியில் புரோகிராம் எழுதும் விதம்

கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று இருந்தது. இரண்டடி தள்ளி நின்று பார்க்க மட்டும் அனுமதி. வேலைக்குப் போன பிறகுதான் கைவைக்க முடிந்தது. இந்தக் கருவிகளின் பின்புறம் கேபிள் செருகிக் கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பலாம். அந்தக் கேபிள் முறை 1975-லேயே ஐ.இ.இ.இ. 488 என்ற தரமாக வந்துவிட்டது. எல்லாக் கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான கட்டளை மொழி 1990-ல் வந்தது, ஸ்கிப்பி என்பார்கள். இன்றைய கருவிகளில் யு.எஸ்.பி., நெட்வொர்க் கேபிள் இரண்டுமே இருக்கும்.

புரோகிராம் செய்வது இவ்வளவுதான். முதலில், எந்த அதிர்வெண் வேண்டுமோ அதில் கருவியை நிறுத்து. இரண்டாவது, ஸ்பேன் என்ற அகலத்தைச் சுழியம் ஆக்கு. அப்படிச் செய்தால் கருவி பல அதிர்வெண்களில் மேய்வதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் நின்று நேரத்தோடு வலிமை எப்படி மாறுகிறது என்று பார்க்கும். மூன்றாவது, ரெசல்யூஷன் பேண்ட்வித் என்ற சல்லடையின் அகலத்தைக் குறி. நான்காவது, டிடெக்டரை "சாம்பிள்" என்று வை. ஐந்தாவது, ஒரு ஸ்வீப் ஓட்டி, கிடைக்கும் 1001 புள்ளிகளைக் கம்ப்யூட்டருக்கு வாங்கு. பிறகு மைனஸ் 100-லிருந்து சுழியம் டெசிபல் வரை, ஒரு டெசிபலுக்கு ஒன்றாக 100 பெட்டிகள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பெட்டியில் விழுகிறதோ அதன் கணக்கில் ஒன்றைக் கூட்டு. ஆயிரம் ஸ்வீப் ஓட்டினால் பத்து லட்சம் புள்ளி சேர்ந்துவிடும். கடைசியில் மேல் பெட்டியிலிருந்து கீழ்நோக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் "இந்த அளவுக்கு மேல் எத்தனை சதவீதம்" என்ற கோடு கிடைக்கும்.

நான்காவது படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டிடெக்டர் "பீக்" என்று இருந்தால், கருவி ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் இருக்கும் உச்சத்தை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சிலும் உயரமான பையனை மட்டும் அளந்து வகுப்பின் உயரக் கணக்கு எழுதுவது போல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படித்தான் விட்டுவிட்டேன். மூன்று நாள் எடுத்த கணக்கு முழுக்கக் குப்பை. யாரும் திட்டவில்லை, என் பக்கத்து சீட்காரர் மட்டும் ஒரு வாரம் என்னை "பீக்" என்றே கூப்பிட்டார்.

சல்லடை அகலமும் முக்கியம். சல்லடை மிகக் குறுகலாக இருந்தால் கூர்மையான சொடக்கு நீண்டு, தணிந்து, பின்னணிச் சத்தத்தோடு கலந்துவிடும். பிறகு வால் எங்கே தெரியப் போகிறது?

வீட்டுக் கம்ப்யூட்டரில்

இனி நம் வேலை. மீடியம் வேவ் ரேடியோ ஒன்று. ரேடியோ ஏற்கனவே ஒரே அதிர்வெண்ணில் நின்று கேட்கிறது அல்லவா? கருவியில் ஸ்பேனைச் சுழியம் ஆக்கியதற்குச் சமம் அது. ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் துளைக்கு ஒரு ஆடியோ கேபிள். லேப்டாப்பில் ஒரே துளை இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கிக் கொள்ளுங்கள். ரேடியோவின் வால்யூமை மிகக் குறைவாக வையுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு எடுக்கும் பதிவுகளிலும் அதே இடம் வேண்டும்.

மென்பொருள் ஆடாசிட்டி. 2000-ல் வெளிவந்த இலவச மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் ரேட் என்பதை 8000 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் இது ஜன்னலின் இடது கீழ் மூலையில் இருக்கும். புதியவற்றில் ஆடியோ செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும். மோனோ தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்குக்கு என்ஹான்ஸ்மென்ட், நாய்ஸ் சப்ரஷன் என்று ஏதாவது இயங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இரைச்சலை அளக்கப் போகிறோம். அதை அழிக்கும் வேலையாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத வெற்றிடத்தில் வைத்து, சிவப்பு வட்டத்தை க்ளிக் செய்து 30 விநாடி பதிவு செய்யுங்கள். ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். வலுவான ஸ்டேஷன் கிடைத்ததும் ரேடியோ தானாகவே தன் திறனைக் குறைத்துக் கொள்ளும். இரண்டு இடங்களின் எண்களை ஒப்பிடவே முடியாது.

விநாடிக்கு 8000 அளவுகள், 30 விநாடி. மொத்தம் 2,40,000 எண்கள். ஒவ்வொன்றும் மைனஸ் 1-க்கும் பிளஸ் 1-க்கும் இடையில் இருக்கும். இவற்றைத்தான் சாம்பிள் என்கிறோம். அலையின் தலை ஓரத்தில் முட்டித் தட்டையாகத் தெரிந்தால் வால்யூமைக் குறைத்து மறுபடி எடுங்கள்.

முதலில் ஸ்பெக்ட்ரம் பார்ப்போம். எல்லாவற்றையும் செலக்ட் செய்து அனலைஸ் மெனுவில் ப்ளாட் ஸ்பெக்ட்ரம் என்பதை க்ளிக் செய்யுங்கள். பெரியப்பா வீட்டில் எடுத்த பதிவில் ஒரு சமமான மேடுதான் தெரிந்தது. விசேஷமாக ஒன்றுமில்லை. காதில் சொடக்கு தெளிவாகக் கேட்கிறது, படத்தில் காணவில்லை! காரணம், ப்ளாட் ஸ்பெக்ட்ரம் முழு 30 விநாடியையும் துண்டு துண்டாக அளந்து சராசரி எடுத்துக் கொடுக்கிறது.

ஆனால் அந்தப் படம் ஒரு நல்ல செய்தியும் சொன்னது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுற்றுகள் சுற்றும். அதில் எங்காவது பொறி பறந்தால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒன்றாக விநாடிக்கு 100 முறை பறக்கும். அது 100, 200, 300 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் கூர்முனைகளாகத் தெரியும். பெரியப்பா வீட்டுப் பதிவில் அந்தச் சீப்புப் பல் வரிசை இல்லை.

எண்ணும் வேலை

டூல்ஸ் மெனுவில் சாம்பிள் டேட்டா எக்ஸ்போர்ட் என்று ஒன்று உண்டு. பழைய பதிப்புகளில் அது அனலைஸ் மெனுவிலேயே இருக்கும். திறந்ததும் ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். எத்தனை சாம்பிள் என்ற இடத்தில் சிறிய எண் ஒன்று இருக்கும். அதை 240000 என்று மாற்றுங்கள். மெஷர்மென்ட் ஸ்கேல் என்ற இடத்தில் லீனியர் தேர்ந்தெடுங்கள். டெசிபல் என்று விட்டுவிட்டால் நம் கணக்கு எதுவும் ஒத்துவராது. ஃபார்மட் சாம்பிள் லிஸ்ட், ஹெடர் வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் சேவ் ஆகும்.

அந்த ஃபைலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறவுங்கள். இதுவும் இலவசம்தான். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள் கொள்ளும் என்பதால் நம் 2,40,000 தாராளமாக அடங்கும். எண்கள் முதல் காலத்தில் வந்து உட்காரும். கம்ப்யூட்டர் பழையது என்றால் கொஞ்சம் திணறும். பொறுமையாக இருங்கள், மவுஸை மறுபடி மறுபடி க்ளிக் செய்யாதீர்கள்.

பக்கத்தில் காலியாக இருக்கும் ஒரு செல்லில் கர்சரை வைத்து, கன்ட்ரோல் விசையோடு எஃப்2 தட்டுங்கள். ஃபங்ஷன் விசார்ட் வரும். ஸ்டேண்டர்டு டீவியேஷன் ஃபங்ஷனைத் தேர்ந்து முதல் காலம் முழுவதையும் கொடுங்கள். எனக்குக் கிடைத்தது 0.0212. பிறகு இரண்டு சொடக்குகளுக்கு நடுவே அமைதியாக இருந்த ஒரு விநாடிப் பகுதிக்கு மட்டும், அதாவது 8000 வரிசைக்குள், அதே கணக்கைப் போட்டேன். 0.0200. பார்த்தீர்களா? காதைக் குடையும் சொடக்கு, மொத்த அளவை நூற்றுக்கு ஆறு பங்குதான் ஏற்றியிருக்கிறது. மீட்டரில் முள் அசைந்ததுகூடத் தெரியாது.

இப்போது எண்ணுவோம். அமைதியான பகுதியின் அளவு 0.02. அதன் நான்கு மடங்கு 0.08. கவுண்ட்இஃப் என்ற ஃபங்ஷனை எடுத்து, முதல் காலத்தில் ">0.08" எத்தனை என்று கேளுங்கள். இன்னொரு செல்லில் "<-0.08" எத்தனை என்று கேளுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். எனக்கு வந்தது 338.

வெறும் உஸ் சத்தமாக இருந்தால் எத்தனை வந்திருக்க வேண்டும்? லட்சத்துக்கு ஆறு சொச்சம் என்றால் 2,40,000-க்குச் சுமார் 15. கிடைத்ததோ இருபது மடங்குக்கும் மேல். இதுதான் அந்த வால்.

பரவல் கணக்குக்கு ஒரு குறை உண்டு. அது நேரத்தை மறந்துவிடும். 2,40,000 எண்களையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டாலும் அதே 338 தான் வரும். 338 சாம்பிளும் ஒரே வெடிப்பா, முப்பது விநாடியும் சிதறிக் கிடக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் இன்னொரு வேலை செய்ய வேண்டும். டேட்டா மெனுவில் ஃபில்டர் போட்டு 0.08-க்கு மேல் உள்ள வரிசைகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இடது ஓரத்தில் வரிசை எண் அப்படியே இருக்கும். எனக்கு 4,112-க்குப் பக்கத்தில் ஒரு கொத்து, 14,030-ல் ஒரு கொத்து, 23,951-ல் ஒரு கொத்து. கழித்துப் பாருங்கள்: 9,918, 9,921. எட்டாயிரத்தால் வகுத்தால் 1.24 விநாடி. முப்பது விநாடியில் 24 கொத்துகள்.

கம்பத்துக் கரண்டு என்றால் இந்த இடைவெளி 80 வரிசையாக இருந்திருக்கும். 1.24 விநாடி என்பது சோலார் வேலி எனர்ஜைசரின் நடை. வேலிப் பெட்டி எப்போதும் கரண்டு கொடுப்பதில்லை. விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் அடிக்கக் கூடாது, ஒவ்வொரு அடியும் ஆயிரத்தில் பத்து விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது சர்வதேசப் பாதுகாப்புத் தரம். அதனால்தான் தொட்டால் உதறித் தள்ளுகிறது, உயிரை எடுப்பதில்லை. நல்ல வேலி ரேடியோவில் அவ்வளவாகக் கேட்காது. இன்சுலேட்டர் விரிந்தோ செடி உரசியோ கரண்டு பொறியாகத் தாவும்போதுதான் அது சொடக்காகிறது. நீண்ட கம்பியே ஏரியல் ஆகிவிடுகிறது.

எனர்ஜைசர் வைத்திருந்தது யார்? பக்கத்துத் தோப்புக்காரர் இல்லை. பெரியப்பாதான்.

"நம்ம வேலி மூணு வருசமா இருக்குடா. அப்பல்லாம் கேக்கலையே?" என்றார். வேலையாள் தினமும் சாயங்காலம் ஸ்விட்சைப் போடுகிறார், காலையில் அணைக்கிறார். சொடக்கும் அந்த நேரத்தில்தான்.

சோதனைக்கு வேலியை நிறுத்தச் சொல்லி மறுபடி 30 விநாடி பதிவு செய்தேன். 41 வந்தது. 15 இல்லையே என்று யோசித்தேன். ரேடியோவுக்குள் இருக்கும் டிடெக்டர் மணி உருவத்தைச் சற்றே கோணலாக்கி, வாலை ஒரு பக்கம் நீட்டிவிடும். ஆகவே புத்தகக் கணக்கைத் தூர வைத்துவிட்டு 41 என்பதையே அளவுகோலாக எடுத்துக் கொண்டேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள்: சந்தேகப்படும் பொருளை நிறுத்தி ஒரு பதிவு, ஓடவிட்டு ஒரு பதிவு.

இருட்டிய பிறகு வேலியை ஒட்டி, தொடாமல், கையில் ரேடியோவோடு நடந்தோம். தென்மேற்கு மூலைக் கல்லில் இன்சுலேட்டர் விரிந்திருந்தது. நீலமாக ஒரு பொறி, ஒரு சொடக்கு. மறுநாள் காலை வேலியை அணைத்துவிட்டு அதை மாற்றினார்கள். சாயங்காலம் ரேடியோ சுத்தமாக இருந்தது. பெரியப்பாவுக்குத் திருப்தி. "போதும்டா, விட்டுரு."

காதால் எண்ணியே இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அதுவரைக்கும் சரிதான். ஆனால் பழக்கதோஷத்தில் ஒரு பதிவு எடுத்து எண்ணிப் பார்த்தேன். 92. காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல். ஃபில்டர் போட்டால் அங்கங்கே அதே 9,920 வரிசை இடைவெளி எட்டிப் பார்த்தது. இன்னொரு கசிவு இருக்கிறது. தேடியதில் ஓடைப் பக்கம் சீமைக் கருவேலக் கிளை ஒன்று கீழ்க் கம்பியில் சாய்ந்து கிடந்தது. பன்றி வருகிற பாதையே அதுதான். கசிவு இருந்தால் அதற்கப்பால் கம்பியில் வேகம் குறையும்; வேலி இருந்தும் இல்லாத கணக்கு. கிளையை வெட்டிய பிறகு எடுத்த பதிவில் 43.

ஒரு எச்சரிக்கை. நம் கணக்கு, சொடக்கு எனர்ஜைசரிலிருந்து வருகிறது என்று மட்டும்தான் சொன்னது. பக்கத்துக் கம்பியில் கரண்டு இல்லை என்று சொல்லவில்லை. பொறி பறக்காத கம்பி ரேடியோவில் கேட்கவே கேட்காது. ஆனால் தொட்டால் கொல்லும். அதனால் அந்தச் சந்தேகத்தைக் கம்ப்யூட்டரிடம் விடாமல் மின்வாரிய அலுவலகத்தில் சொன்னோம். லைன்மேன் வந்து சோதித்தார். வெறும் கம்பிதான், எந்த இணைப்பும் இல்லை. உங்கள் பக்கத்தில் இப்படிச் சந்தேகம் வந்தால் டெஸ்டர் எடுத்துக் கொண்டு நீங்களே கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்து என்ன செய்யலாம்?

இதே முறையில் வீட்டுக்குள்ளேயே பரிசோதனை செய்யலாம். எல்.இ.டி. பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜர் ஒவ்வொன்றையும் ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, நிறுத்தி ஒன்று, ஓடவிட்டு ஒன்று என்று பதிவு செய்யுங்கள். நான்கு மடங்கு, ஐந்து மடங்கு, ஆறு மடங்குக்கு மேல் எத்தனை என்று மூன்று எல்லைகளில் எண்ணினால் வாலின் நீளம் தெரிந்துவிடும். பரவலைப் படமாகவே பார்க்க வேண்டுமென்றால் ஃப்ரீக்வென்சி என்ற ஃபங்ஷன் பெட்டி வாரியாக எண்ணிக் கொடுக்கும்; அதை வைத்து சார்ட் போடலாம்.

பைத்தான் கற்றுக் கொள்பவர்களுக்கு இது நல்ல முதல் புரோகிராம். ஃபைலைத் திற, ஒவ்வொரு எண்ணாகப் படி, பெட்டியில் ஒன்று கூட்டு. பத்துப் பதினைந்து வரிகளில் முடியும். ஆடியோவைத் தாண்டி ரேடியோ அலையையே எண்ண விரும்பினால், டி.வி. பார்ப்பதற்காக வந்த யு.எஸ்.பி. குச்சிகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ஒரு சிப் ரேடியோ அலையை அப்படியே எண்களாகக் கொடுக்கும் என்று 2012-ல் தெரியவந்தது. அதிலிருந்து ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அது தரும் எண்கள் 0-லிருந்து 255 வரை மட்டுமே. நடுப்புள்ளியான 127.5-ஐக் கழித்துவிட்டு எண்ணத் தொடங்க வேண்டும். 100.5 மெகாஹெர்ட்ஸில் கொடைக்கானல் எஃப்.எம்.மை வைத்து முயன்று பாருங்கள்: வலுவான எஃப்.எம். சிக்னலின் வலிமை ஏறக்குறைய மாறவே மாறாது, பரவல் ஒல்லியாக ஒரே கம்பமாக நிற்கும். ஸ்டேஷனிலிருந்து தள்ளி வைத்தால் கம்பம் சரிந்து மேடாகிவிடும்.

பெரியப்பா வீட்டில் இப்போது சாயங்காலச் செய்திக்குப் பக்கத்துத் தோப்புக்காரரும் வந்து உட்காருகிறார். அவருடைய தோப்புக்கும் ஒரு சோலார் வேலி போட வேண்டுமாம். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்வது எப்படி என்று என்னிடம் கேட்டார்கள். முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.